நெரிசல் கட்டணத்தைக் கடைக்காரரும் குடியிருப்போரும் எதிர்ப்பது ஏன்? ஓர் எளிய விளக்கம்

நெரிசலான பகுதிக்குள் வண்டி ஓட்டுகிறவரிடம் பணம் வாங்கும் நெரிசல் கட்டணத்தை ஒரு நகரம் கொண்டுவரப் போவதாக அறிவித்ததும், "இனிக் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்ற குரல் ஒருபுறமும், "காரை விட்டு இறங்க மனமில்லாதவர்கள் போடும் சத்தம் இது" என்ற குரல் மறுபுறமும் எழுவது வழக்கமாகிவிட்டது. இந்த இரண்டு குரல்களுக்கு நடுவே, கட்டணம் எப்படி வேலை செய்கிறது, யாரை எந்த அளவில் தொடுகிறது என்ற விவரம் காணாமல் போகிறது. லண்டனில் 2003இலும் ஸ்டாக்ஹோமில் 2006இலும் இந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது உள்ளூர் வணிகர்களும் குடியிருப்பவர்களும் எழுப்பிய எதிர்ப்புகளை உற்றுப் பார்த்தால், கட்டண எல்லைக்கோட்டை எந்தத் தெருவில் போட்டீர்கள், எந்த மணிக்குத் தொடங்குகிறீர்கள், வசூலாகும் பணத்தை யாருக்குச் செலவிடப் போகிறீர்கள் என்ற கேள்விகளே அவற்றில் அதிகம் இருப்பது தெரியும். அந்தக் கேள்விகள் நியாயமானவை. அவற்றைப் புரிந்துகொள்ள, முதலில் கட்டணத்தின் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

பந்தியில் இடம் இல்லாதபோது

கல்யாண வீட்டில் ஒரு பந்திக்கு இருநூறு இலை போடலாம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றித் தொண்ணூறு பேர் வந்தால் எல்லோரும் உட்கார்ந்து, சாப்பிட்டு, நிம்மதியாக எழுந்து போவார்கள். இருநூற்று நாற்பது பேர் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், மிஞ்சிய நாற்பது பேர் காத்திருப்பதோடு காரியம் முடிந்துவிடாது. அவர்கள் சாப்பிடுகிறவர்களின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார்கள். வாளியோடு வருகிறவருக்கு நுழைய வழியிருக்காது. இலை எடுப்பது தாமதமாகும். அடுத்த பந்தியும், அதற்கடுத்த பந்தியும் தள்ளிப்போகும். கூட்டம் கொஞ்சம் கூடியதற்கே தாமதம் பல மடங்கு கூடிவிடுகிறது. அந்த நாற்பது பேரும் அரைமணி நேரம் தள்ளி வந்திருந்தால் சமையற்கட்டில் ஒரு மாற்றமும் செய்யாமலேயே எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும்.

நகரச் சாலையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒரு சாலையால் ஒரு மணி நேரத்தில் இத்தனை வாகனங்களைத்தான் கடத்திவிட முடியும் என்ற அளவு உண்டு. அதைச் சாலையின் கொள்ளளவு என்பார்கள். வாகனங்கள் அந்த அளவை நெருங்கும்வரை வேகம் பெரிதாகக் குறைவதில்லை. நெருங்கிய பிறகு, கூடுதலாக நுழையும் ஒவ்வொரு காரும் தனக்குப் பின்னால் வரும் அத்தனை பேருக்கும் சில நொடிகள் தாமதத்தை ஏற்படுத்துகிறது. அந்தக் காரை ஓட்டுகிறவர் தன் பெட்ரோலுக்கும் தன் நேரத்துக்கும் விலை கொடுக்கிறார். பிறருக்கு ஏற்படுத்திய தாமதத்துக்குக் கொடுப்பதில்லை. இப்படி ஒருவர் செய்யும் செயலின் செலவு மற்றவர் தலையில் விழுவதைப் பொருளாதாரத்தில் புறச்செலவு என்று சொல்வார்கள். நெரிசல் கட்டணம் என்பது, நெரிசல் மிகுந்த பகுதிக்குள் நெரிசல் மிகுந்த நேரத்தில் வண்டி ஓட்டுகிறவரிடம் அந்தப் புறச்செலவில் ஒரு பங்கையாவது பணமாக வாங்கும் ஏற்பாடு.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. எல்லாரையும் காரை விடச் செய்வது இந்தக் கட்டணத்தின் நோக்கம் அல்ல. பத்தில் ஒருவரோ ஐந்தில் ஒருவரோ நேரத்தை மாற்றினால், பேருந்தில் ஏறினால், அல்லது இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடித்தால் போதும். மீதிப் பேர் கட்டணத்தைக் கட்டிவிட்டு முன்னைவிட வேகமாகப் போவார்கள்.

லண்டனில் நடந்தது

இந்த யோசனையை உலகில் முதலில் நடைமுறைப்படுத்தியது சிங்கப்பூர். 1975 ஜூன் மாதம் அங்கே நகர மையத்துக்குள் காலை நேரத்தில் நுழைய 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து உரிமச் சீட்டு வாங்க வேண்டும் என்ற முறை வந்தது. ஆனால் எதிர்ப்பைப் பற்றிப் பேச லண்டனே பொருத்தமான இடம்.

2003 பிப்ரவரி 17 அன்று, மேயர் கென் லிவிங்ஸ்டன் காலத்தில், மத்திய லண்டனைச் சுற்றியிருக்கும் உள்வட்டச் சாலையை எல்லையாக வைத்துத் திட்டம் தொடங்கியது. வார நாட்களில் காலை 7 மணி முதல் மாலை 6.30 வரை அந்த எல்லைக்குள் வண்டி ஓட்டினால் ஒரு நாளைக்கு 5 பவுண்டு. சுங்கச்சாவடி எதுவும் இல்லை. கேமராக்கள் எண்பலகையைப் படித்து, பணம் கட்டியவர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தன. எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்குக் கட்டணத்தில் 90 சதவீதத் தள்ளுபடி தரப்பட்டது.

முதல் ஆண்டில் எல்லைக்குள் நுழைந்த நான்கு சக்கர வாகனங்களும் அதற்குப் பெரியவையும் ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்தன. தாமதமோ சுமார் 30 சதவீதம் குறைந்தது. இங்கே தாமதம் என்பது, இரவில் வெறிச்சோடிய சாலையில் ஒரு கிலோமீட்டர் போக ஆகும் நேரத்தைவிடப் பகலில் கூடுதலாகப் பிடிக்கும் நேரம். அது 2.3 நிமிடத்திலிருந்து 1.6 நிமிடமாகக் குறைந்தது. வாகனம் குறைந்த விகிதத்தைவிடத் தாமதம் குறைந்த விகிதம் பெரிதாக இருப்பதற்குக் காரணம், பந்தியில் பார்த்த அதே கணக்கு.

ஆனால் சில ஆண்டுகளில், 2008 வாக்கில், அந்தத் தாமதம் மீண்டும் பழைய 2.3 நிமிடத்துக்கே வந்துவிட்டது. எதிர்ப்பாளர்கள் இன்றுவரை சுட்டிக்காட்டும் சான்று இது. உள்ளே நுழையும் வாகனங்களின் எண்ணிக்கை அப்போதும் 2003க்கு முந்தைய அளவைவிடக் குறைவாகவே இருந்தது. பழைய தண்ணீர்க் குழாய்களை மாற்றவும் பிற பணிகளுக்காகவும் தெருக்கள் தோண்டப்பட்டதும், பாதசாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் கூடுதல் இடமும் சிக்னல் நேரமும் தரப்பட்டதுமே காரணம் என்று நகரப் போக்குவரத்து அமைப்பு விளக்கியது. இந்த விளக்கம் சரியென்றே நான் கருதுகிறேன். ஆயினும், அதற்குள் 8 பவுண்டாக உயர்ந்துவிட்ட கட்டணத்தைச் செலுத்திவிட்டுச் சிக்னலில் நிற்கும் ஒரு பிளம்பருக்கு அது ஆறுதலாக இராது. அவர் பணம் கொடுத்தது வேகத்துக்காக. வேகம் கிடைக்கவில்லை என்று அவர் சொல்வதில் தவறில்லை.

சுருக்கமாக: கட்டணம் வாகன எண்ணிக்கையைக் குறைக்கிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. குறைந்த வாகனம் வேகமான பயணமாக மாறுமா என்பது, காலியான சாலையை நகரம் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒன்றோடொன்று குழப்பப்படும் கட்டணங்கள்

நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணம் சாலை போட்ட செலவைத் திரும்ப எடுப்பதற்காக. சாலை காலியாக இருந்தாலும் அதைக் கட்ட வேண்டும். லண்டனில் 2019இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் நகரம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் வேறு. அங்கே பழைய, அதிகப் புகை கக்கும் வண்டிகளுக்கு மட்டும் கட்டணம், நெரிசலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்றன்மேல் உள்ள கோபம் மற்றொன்றின் பெயரில் வெளிப்படுவதால், விவாதத்தில் யார் எதை எதிர்க்கிறார் என்பதே தெரியாமல் போகிறது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் வசிப்பவர்

குடியிருப்போரின் எதிர்ப்பு பெரும்பாலும் எல்லைக்கோட்டிலிருந்து பிறக்கிறது. கட்டணம் இருக்க வேண்டுமானால் எல்லை இருக்க வேண்டும். எல்லை இருந்தால் அது யாராவது ஒருவருடைய தெருவின் நடுவே போகத்தான் செய்யும்.

தெற்கு லண்டனில் உள்ள கென்னிங்டனில் இது நடந்தது. உள்வட்டச் சாலை அந்தக் குடியிருப்பை ஊடறுத்துக்கொண்டு போகிறது. சாலைக்கு வடக்கே வசிப்பவர் 90 சதவீதத் தள்ளுபடியில், நாளொன்றுக்கு 50 பென்ஸ் (அரை பவுண்டு) கணக்கில் நகர மையம் முழுவதும் ஓட்ட முடிந்தது. சாலைக்குத் தெற்கே வசிப்பவர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடமோ பள்ளிக்கோ தாத்தா பாட்டி வீட்டுக்கோ வண்டியில் போக முழு 5 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. கென்னிங்டன் குடியிருப்பாளர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றத்தோடு சேர்ந்து 2002இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்; வழக்கு தள்ளுபடியானது. சட்டப்படி அவர்கள் தோற்றார்கள் என்றாலும், அவர்கள் சுட்டிய சிக்கல் உண்மையானது.

லண்டன் திட்டத்தின் அமைப்பே அந்தச் சிக்கலைப் பெரிதாக்கியது. அங்கே கட்டணம் நாளுக்கு ஒருமுறை, ஒரே தொகை. எல்லையைத் தாண்டி இருநூறு அடி போய்த் திரும்புகிறவரும், காலை முதல் மாலைவரை மையத்தைச் சுற்றிவரும் வேனும் ஒரே தொகையைக் கட்டினார்கள். முன்னவர் ஏற்படுத்தும் நெரிசல் மிகச் சிறியது, பின்னவர் ஏற்படுத்துவது பெரியது. ஆகவே புறச்செலவுக்கு விலை என்ற கோட்பாட்டின்படியே இது பிழையானது. சிங்கப்பூர் 1998இல் மின்னணு முறைக்கு மாறியபோது, சாலைக்கு மேலே நிறுத்திய ஒவ்வொரு கட்டண வளைவைக் கடக்கும்போதும் நேரத்துக்கேற்ற தொகை என்று வைத்துக்கொண்டது. ஸ்டாக்ஹோமும் ஒவ்வொரு கடப்புக்கும் 10, 15, 20 குரோனர் என்று நேரத்தைப் பொறுத்து வைத்து, நாளொன்றுக்கு 60 குரோனருக்கு மேல் வாங்குவதில்லை என்று தொடங்கியது.

ஸ்டாக்ஹோமில் எல்லைச் சிக்கல் வேறு வடிவில் வந்தது. லிடிங்யே என்ற தீவிலிருந்து நாட்டின் எந்தப் பகுதிக்குச் சாலை வழியாகப் போவதானாலும் கட்டண வளையத்துக்குள் புகுந்துதான் போக வேண்டும். அவர்கள் மையத்துக்கு வராமலேயே மையத்தின் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருந்திருக்கும். அதனால் அந்தத் தீவுக்கும் வெளிப்பகுதிக்கும் இடையே 30 நிமிடத்துக்குள் வளையத்தைக் கடந்து போய்விடுகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை என்று விதி செய்தார்கள். குடியிருப்போரின் புகாரைப் பிடிவாதம் என்று தள்ளாமல், விதியாக மாற்றியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நேர்மாறாக நடந்தது. இரண்டு வளையங்கள், நாளொன்றுக்கு 2 பவுண்டு என்பது அங்கே திட்டம். வெளிவளையத்துக்கு வெளியே இருந்தாலும் எடின்பரோ நகர எல்லைக்குள் வசிப்பவர்களுக்கு வெளிவளையத்தில் விலக்கு உண்டு என்று நகர மன்றம் சேர்த்தது. அதே சாலையில் அதே தொலைவிலிருந்து வரும் பக்கத்து மாவட்டத்துக்காரருக்கு விலக்கு இல்லை. நெரிசலைப் பொறுத்தவரை இரண்டு கார்களும் ஒன்றுதானே என்று பக்கத்து மன்றங்கள் கேட்டதற்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை. 2005 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்த எடின்பரோவாசிகளிலேயே ஏறத்தாழ 74 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது.

கடைக்காரரின் கணக்கு

வணிகர்கள் எல்லாரும் ஒரே குரலில் எதிர்ப்பதாக ஒரு தோற்றம் இருக்கிறது. உண்மையில் கட்டணம் ஒவ்வொரு தொழிலையும் வெவ்வேறு விதமாகத் தொடுகிறது.

இருபது கடைகளுக்குச் சரக்கு இறக்கும் ஒரு லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் கட்டணமான 5 பவுண்டைப் பகிர்ந்தால் கடைக்கு 25 பென்ஸ்தான் வருகிறது. நெரிசல் குறைந்து நாளில் ஒரு மணி நேரம் மிச்சமானால் ஓட்டுநரின் சம்பளத்திலேயே அதைவிட அதிகம் மிஞ்சும். பெரிய சரக்கு நிறுவனத்தால் இதை ஏற்க முடியும். ஒரே ஒரு வீட்டில் குழாய் பழுதுபார்க்க, கருவிப் பெட்டியோடு வரும் தனிமனிதருக்கு முழு 5 பவுண்டும் ஒரே வேலையின் மேல் விழுகிறது. அவரால் பேருந்தில் வர முடியாது. வாடிக்கையாளரிடம் கூடுதலாகக் கேட்டால் எல்லைக்கு உள்ளே இருக்கும் போட்டியாளருக்கு வேலை போய்விடும். சிறு தொழில் செய்வோரின் குரல் ஓங்கி ஒலிப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

நேரமும் ஒரு எல்லைக்கோடுதான். லண்டனின் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தை நள்ளிரவுக்குப் பின் வியாபாரம் தொடங்கி விடியற்காலையில் ஓய்ந்துவிடும் இடம். வேலையாட்கள் வரும் நேரத்தில் சுரங்க ரயில் ஓடாது; ஆகவே காரில் வந்தார்கள். அவர்கள் வந்தபோது சாலை வெறுமையாக இருந்தது. வேலை முடிந்து 7 மணிக்குப் பிறகு வண்டியை எடுத்தால், எல்லாரும் உள்ளே வரும் நேரத்தில் வெளியே போகும் அவர்களுக்கும் அதே கட்டணம். சந்தைக்காரர்கள் போராடியதில் வியப்பில்லை. நெரிசலை உண்டாக்காதவரிடம் நெரிசலுக்கு விலை கேட்பதை எந்தக் கோட்பாட்டாலும் காக்க முடியாது.

அடுத்தது சில்லறைக் கடைகள். இங்கே கடைக்காரரின் அச்சம் பெரும்பாலும் ஒரு தவறான மதிப்பீட்டில் நிற்கிறது. மத்திய லண்டனுக்குக் காலையில் வருவோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், கட்டணம் வருவதற்கு முன்பே, ரயிலிலும் சுரங்க ரயிலிலும் பேருந்திலும்தான் வந்துகொண்டிருந்தார்கள். தங்கள் வாடிக்கையாளர்களில் காரில் வருவோரின் எண்ணிக்கையைக் கடைக்காரர்கள் மிகைப்படுத்துவது வேறு ஊர்களிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. பிரிஸ்டல் நகரின் குளோஸ்டர் சாலையில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், வாடிக்கையாளர்களில் 41 சதவீதத்தினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். உண்மையில் வந்தவர்கள் 22 சதவீதம். கடை வாசலில் நிறுத்தும் கார் கண்ணில் படுகிறது. நடந்து வருகிறவர் எப்படி வந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை.

அதற்காக விற்பனை குறையவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் உள்ள ஜான் லூயிஸ் பேரங்காடியில் 2003இல் விற்பனை சரிந்தது. அந்தச் சரிவு கட்டணத்தின் வெற்றி தோல்வி பற்றிய விவாதத்தின் மையமாகவே ஆனது. ஆனால் அதே ஆண்டு ஜனவரி 25 அன்று சான்சரி லேன் நிலையத்தில் ஒரு சுரங்க ரயில் தடம்புரண்டது. அதனால் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் அடியிலேயே ஓடும் சென்ட்ரல் தடம் முழுவதும் மூடப்பட்டு, ஏப்ரலில்தான் முழுமையாகத் திறந்தது. மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியது. சுற்றுலாப் பயணிகள் குறைந்தார்கள். கட்டணம் தொடங்கிய அதே வாரங்களில் இவை எல்லாம் ஒன்றாக நடந்தால், கல்லாப்பெட்டியில் குறைந்த காசு எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இவற்றைப் பிரித்துக் கணக்கிட்டபோது, அந்த ஓர் அங்காடியில் கட்டணத்தால் 5 சதவீதத்துக்குச் சற்று மேலான பாதிப்பு தெரிந்தது. மத்திய லண்டனின் சில்லறை வணிகம் முழுவதையும் எடுத்துக்கொண்டபோது அப்படியொரு பாதிப்பு தென்படவில்லை.

இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. நாற்காலி, மெத்தை, குளிர்சாதனப் பெட்டி போன்ற கனமான பொருள்களை விற்கும் கடைக்குக் காரில் வரும் வாடிக்கையாளர் முக்கியம். சட்டையும் புத்தகமும் விற்கும் கடைக்கு அவ்வளவு இல்லை. மொத்தச் சராசரியைக் காட்டி "பாதிப்பே இல்லை" என்று ஒரு குறிப்பிட்ட கடைக்காரரிடம் சொல்வது, அவர் கண்ணெதிரே பார்ப்பதை மறுப்பதாகும்.

இதுவரை பார்த்ததை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: குடியிருப்பவரின் குறை எல்லைக்கோட்டையும் தள்ளுபடியையும் பற்றியது, வணிகரின் குறை நேரத்தையும், ஒரு பயணத்தின் மேல் எவ்வளவு விழுகிறது என்பதையும் பற்றியது. இரண்டையும் "பொதுமக்கள் எதிர்ப்பு" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டுக்கும் பதில் கிடைக்காது.

எதிர்ப்பு வென்ற இடம்

2007 பிப்ரவரியில் லண்டன் தன் கட்டண எல்லையை மேற்கே கென்சிங்டன், செல்சி பகுதிகளுக்கு நீட்டியது. அலுவலகங்கள் நிறைந்த பழைய மையத்தைப் போல அல்லாமல், அங்கே குடியிருப்புகளும் அவற்றைச் சார்ந்த கடைகளும் அதிகம். எல்லை நீண்டதும் அங்கே வசிப்பவர்கள் அனைவரும் 90 சதவீதத் தள்ளுபடிக்குத் தகுதி பெற்றார்கள். அதுவரை முழுக் கட்டணம் கட்டி மையத்துக்குப் போக வேண்டியவர்கள், இப்போது சில்லறைக் காசில் போகலாம் என்றானது. நெரிசலைக் குறைக்க வந்த நீட்டிப்பு, வசதியான ஒரு பகுதியினருக்கு மையத்துக்குள் காரில் போவதை மலிவாக்கியது. மறுபுறம், வெளியிலிருந்து வாடிக்கையாளர் வரும் கடைகள் புகார் சொல்லத் தொடங்கின.

2008இல் போரிஸ் ஜான்சன் மேயரானதும் கருத்துக் கேட்பு நடத்தினார். ஏறத்தாழ 28,000 பேர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 69 சதவீதத்தினர் நீட்டிப்பை நீக்கச் சொன்னார்கள். பதில் அனுப்பியவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பதால் அதை மொத்த மக்களின் கருத்தாகக் கொள்ள முடியாது. எனினும் நீட்டிப்பு 2010 டிசம்பர் இறுதியோடு முடிவுக்கு வந்தது. மையப் பகுதிக் கட்டணத்தை அதே மேயர் நீக்கவில்லை. 8 பவுண்டிலிருந்து 10 பவுண்டாக உயர்த்தினார்.

கருத்து மாறிய இடம்

ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை கட்டணத்தைச் சோதனையாக நடத்தினார்கள். தொடங்குமுன் எதிர்ப்பே மேலோங்கியிருந்தது. தொடங்கிய பிறகு வளையத்தைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. சோதனை முடிந்ததும் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. நகர மக்கள் கட்டணம் இல்லாத தெரு, உள்ள தெரு, மறுபடி இல்லாத தெரு மூன்றையும் ஒரே ஆண்டில் கண்ணால் பார்த்தார்கள். செப்டம்பர் 17 வாக்கெடுப்பில் நகரவாசிகளில் சிறு பெரும்பான்மையினர் வேண்டும் என்றார்கள்.

வெளிவட்டார நகராட்சிகள் பல தனியாக வாக்கெடுப்பு நடத்தின. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வேண்டாம் என்றவர்களே அதிகம். தெருவின் அமைதியும் சுத்தமான காற்றும் உள்ளே இருப்பவருக்கு, கட்டணம் வெளியிலிருந்து வருபவருக்கு என்ற அவர்களுடைய வருத்தம் கென்னிங்டன்காரர்களின் வருத்தத்தைப் போன்றதே. அதே நாளில் நடந்த பொதுத் தேர்தலில் வென்ற புதிய அரசு, கட்டணத்தை ரத்து செய்யும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். அது 2007 ஆகஸ்டில் கட்டணத்தை நிரந்தரமாக்கியது. ஆனால் வருவாயை வட்டாரத்தின் புதிய சாலைப் பணிகளுக்கு ஒதுக்கியது. வெளிவட்டாரத்தார் கேட்டதும் அதுவே. 2016இல் கட்டணத்தை உயர்த்தி, அதுவரை விலக்குப் பெற்றிருந்த எஸ்ஸிங்கே நெடுஞ்சாலையையும் உள்ளே சேர்த்தபோது, கூடுதல் வருவாய் சுரங்க ரயில் நீட்டிப்புக்கு என்று முன்கூட்டியே ஒப்பந்தமாகியிருந்தது.